பாலைவனத்துல ஐஸ்... காலேஜுக்குள்ள மேட்ச்!

வெயில் தாங்கலைன்னு அலுத்துக்கிற ஆளா நீங்க? அப்போ உங்களை முதல்ல ஃபீனிக்ஸுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகர். 2023 கோடையில் அங்கே வரிசையாக 31 நாள், நடுவில் ஒரு நாள்கூட லீவு விடாமல், பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஊரைச் சுற்றிலும் பாலைவனம். மரம் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஆளைவிடப் பல மடங்கு உயரமாக சகுவாரோ கள்ளிகள், போலீஸைப் பார்த்துக் கையைத் தூக்கின மாதிரி நிற்கும்.

இந்த ஊரில்தான் ஒரு ஐஸ் ஹாக்கி டீம் 28 வருஷம் குடித்தனம் நடத்தியது! குடித்தனம்னு சும்மா சொல்லலை. வாடகை வீடு, ஓனரோடு தகராறு, பாக்கி, 'காலி பண்ணுங்க' என்று கறார் நோட்டீஸ்... எல்லாமே உண்டு. அதிலும் அந்த டீம் கடைசியாகக் குடியிருந்த வீடு இருக்கே... அது ஒரு யூனிவர்சிட்டி கேம்பஸுக்குள்! உலகத்தின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். மேட்ச்சுகள், ஸ்டூடன்ட்ஸ் விளையாடுவதற்காகக் கட்டின அரங்கத்தில் நடந்தன. 2022-23 சீஸனில் ஆரம்பித்த இந்தக் கூத்து, நம்ப முடியாத கதை. வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.

ஃபீனிக்ஸ் நகர மையத்தில் லைட் ரயில் ஏறி கிழக்கே போங்க. வழியில் சால்ட் ரிவர் வரும். ஆறுன்னதும் பெரிசா கற்பனை பண்ணிக்காதீங்க... மழை இல்லாத காலத்தில் பெரும்பாலும் காய்ந்த மணல்தான். ஆனால் டெம்பி என்கிற ஊருக்குள் நுழையும்போது மட்டும் திடீர்னு தளதளன்னு தண்ணீர் தெரியும். ஆற்றுப் படுகையில் அணை வைத்து, 1999-ல் தண்ணீர் நிரப்பிச் செய்த செயற்கை ஏரி. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மலை. மலை மேல் பிரம்மாண்டமாக 'ஏ' என்று ஒரே ஒரு எழுத்து. அதுதான் அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டியின் கையெழுத்து.

பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கும். எம்.எஸ். படிக்க அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணுகிற நம்ம இன்ஜினீயரிங் சீனியர்களின் லிஸ்ட்டில் அடிக்கடி அடிபடுகிற யூனிவர்சிட்டிதான். இங்கே விளையாட்டு டீம்களின் பெயர் 'சன் டெவில்ஸ்'. சூரியப் பிசாசுகள்! வெயிலுக்குப் பொருத்தமான பெயர். சின்னம்... கிட்டத்தட்ட நம்ம சூலாயுதம். மேட்ச் நடக்கும்போது மூன்று விரலைத் தூக்கிக் காட்டி ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் வைத்துக்கொள்வார்கள். அந்த ஃபுட்பால் ஸ்டேடியத்தை நோக்கி நடந்தால் அதற்குப் பக்கத்தில், அதன் மகன் மாதிரி அடக்கமாக ஒரு கட்டடம். பெயர் மல்லெட் அரீனா. இதுதான் நம்ம ஸ்பாட்.

உள்ளே போறதுக்கு முன்னாடி விளையாட்டைப் பற்றி நாலு வரி. 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலத்தில் ஓர் ஐஸ் தரை. ஒரு பக்கத்துக்கு கோல் கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். காலில் ஸ்கேட்ஸ், கையில் நீள மட்டை. பந்து கிடையாது. 'பக்' என்று ஒரு ரப்பர் வட்டு. மூன்று இஞ்ச் அகலம், ஒரு இஞ்ச் தடிமன், சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக, மேட்ச்சுக்கு முன்னால் அதை ஃப்ரீஸரில் வைத்து உறைய வைக்கிறார்கள். மொத்தம் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிஷம். இந்தக் கதை நடந்தபோது ஒரு சீஸனுக்கு 82 மேட்ச். 41 சொந்த ஊரில், 41 வெளியூரில். இந்த 41-41 கணக்கை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, 43 டிகிரி வெயில் ஊரில் ஐஸ் எப்படி? பார்த்தால் மேஜிக், விஷயம் தெரிந்தால் நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்தான்! காங்கிரீட் தரைக்குள் கிலோமீட்டர் கணக்கில் பைப் ஓடுகிறது. பைப்புக்குள் உறையாத உப்பு நீரோ கிளைகாலோ பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேலே தண்ணீரை மெல்லிய படலம் படலமாகத் தெளிக்கிறார்கள். கொஞ்சம் உறைந்ததும் வெள்ளை பெயின்ட். அப்புறம் கோடுகள். அதற்கு மேல் மறுபடி தண்ணீர். எல்லாம் சேர்ந்தும் ஐஸின் தடிமன் ஒரு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இடைவேளையில் ஒரு வண்டி வந்து தரையைச் சீவி, வெந்நீர் ஊற்றிப் பளபளப்பாக்கிவிட்டுப் போகும். அந்த வண்டியின் பெயர் சாம்போனி. கண்டுபிடித்தவர் ஃபிராங்க் சாம்போனி, வருஷம் 1949, இடம் கலிஃபோர்னியா. அதுவும் வெயில் ஊர்தான்! ஐஸோட அருமை வெயில் ஊர்க்காரனுக்குத்தானே தெரியும்?

இனி ஃப்ளாஷ்பேக். இந்த டீம் பிறந்தது பாலைவனத்தில் இல்லை. கனடாவில், வின்னிபெக் என்கிற உறைபனி ஊரில். 'வின்னிபெக் ஜெட்ஸ்' என்ற பெயரில் 1979-ல் என்.ஹெச்.எல்.லில் சேர்ந்தது. அமெரிக்காவில் சட்டப்படி ஒரு டீம் என்பது ஓனரின் சொத்து. ஊரின் பெயர் ஜெர்சியில் இருக்கும், ஊருக்கு அதில் பங்கு இருக்காது. பணம் கட்டுப்படியாகலை, அரங்கமும் பழசு என்றால், ஓனர் டீமை மடித்து சூட்கேஸில் வைத்து வேறு ஊருக்குக் கொண்டு போகலாம். 1995-ல் வின்னிபெக் மக்கள் ஊர்வலம் போனார்கள், நிதி திரட்டினார்கள். சில மாதம் தள்ளிப் போட முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. 1996-ல் டீம் ஃபீனிக்ஸுக்கு வந்தது. பெயர் 'கயோட்டீஸ்' ஆனது. கயோட்டி என்பது பாலைவனத்தில் ராத்திரி ஊளையிடும் பிராணி. ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன் மாதிரி.

வின்னிபெக் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிளே-ஆஃப் மேட்ச்சுக்கு அத்தனை பேரும் வெள்ளை டிரெஸ்ஸில் வருவார்கள். டீமோடு சேர்ந்து அந்தப் பழக்கமும் ஃபீனிக்ஸுக்குக் குடிவந்தது. பனியையே பார்க்காத ஊரில் ஆயிரக்கணக்கான பேர் வெள்ளை வெளேர்னு உட்கார்ந்திருக்கிற காட்சியை நினைச்சுப் பாருங்க!

பாதி கோல் தெரியல சார்!

முதல் வீடு, ஃபீனிக்ஸ் நகர மையத்தில் இருந்த அமெரிக்கா வெஸ்ட் அரீனா. 1992-ல் திறந்தது, புத்தம் புதுசு. ஆனால் அது பாஸ்கெட்பாலுக்காகக் கட்டியது. பாஸ்கெட்பால் மைதானத்தின் நீளம் 28 மீட்டர்தான். ஐஸ் தரை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை எப்படி உள்ளே திணிக்க? ஒரு பக்க கேலரிக்கு அடியில் நீட்டிவிட்டார்கள். விளைவு... அந்த மேல் கேலரியில் உட்கார்ந்தவர்களுக்கு கீழே இருக்கிற கோலே தெரியாது! கூட்டம் கத்தினால் 'ஓ, கோல் போட்டாச்சு போல' என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். சில ஆயிரம் சீட் இப்படி. கண்ணை மறைக்கிற சீட்டை யார் காசு கொடுத்து வாங்குவாங்க? ஏழு வருஷம் இழுத்துப் பிடித்தார்கள்.

இரண்டாவது வீடு பெரிய வீடு. ஊருக்கு மேற்கே கிளென்டேல் என்கிற நகராட்சி, தன் பணத்தைக் கொட்டி 17,000 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டிக் கொடுத்தது. 2003 டிசம்பரில் டீம் அங்கே போனது. இது ஹாக்கிக்கென்றே கட்டியது, எந்த சீட்டில் இருந்தும் கோல் தெரியும். பிரச்னை வேறு. ரசிகர்களில் பெரும் பகுதி இருந்தது ஊருக்குக் கிழக்கே, டெம்பி, ஸ்காட்ஸ்டேல் பக்கம். அரங்கம் மேற்கே. வேலை நாள் சாயங்காலம், ஊரே வீடு திரும்புகிற நேரத்தில், டிராஃபிக்கில் நீந்தி ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குப் போய் மேட்ச் பார்த்துவிட்டு நடுராத்திரி வீடு திரும்ப வேண்டும். ஒரு நாள் போகலாம். 41 நாள்?

ஹாக்கியின் 'கடவுள்' என்று சொல்லப்படுகிற வெய்ன் கிரெட்ஸ்கியே 2005-ல் இருந்து நான்கு சீஸன் இங்கே கோச். அவராலேயே கரை சேர்க்க முடியலை. 2009 மே மாதம் ஓனர் திவால் மனு போட்டார். பிளாக்பெர்ரி போன் புகழ் ஜிம் பல்ஸிலி டீமை வாங்கி கனடாவுக்குத் தூக்கிட்டுப் போகப் பார்த்தார். கோர்ட் முடியாது என்றது. கடைசியில் லீக்கே 14 கோடி டாலர் கொடுத்து டீமை வாங்கிக்கொண்டது. அடுத்த ஓனர் கிடைக்க 2013 ஆனது. நடுவில் டீமைத் தக்கவைக்க கிளென்டேல் நகராட்சி வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் என்று இரண்டு வருஷம் கொடுத்தது. எல்லாம் மக்களின் வரிப்பணம். லைப்ரரிக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய காசு ஐஸில் கரைகிறதே என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயம்தான்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஓர் அதிசயம் நடந்தது. 2012-ல், ஓனரே இல்லாத அந்த டீம் வெறி பிடித்த மாதிரி விளையாடி, வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் இறுதிச் சுற்று வரை போய்விட்டது! அதற்கு முன்னால் 1987-க்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் சுற்றில்கூட ஜெயித்ததில்லை. கேப்டன் ஷேன் டோன். வின்னிபெக்கில் டீமோடு இருந்து, கூடவே மூட்டை கட்டி ஃபீனிக்ஸுக்கு வந்தவர். 1,540 மேட்ச், வேறு எந்த டீமுக்கும் ஆடாமலே 2017-ல் ரிட்டயர்டு. பெயரை மனசில் வெச்சுக்கோங்க. இந்தக் கதையில் இவருக்கு ஒரு பையன் உண்டு.

2021 ஆகஸ்ட்டில் கிளென்டேல் நகராட்சி சொல்லிவிட்டது: 'இந்த சீஸனோடு சரி. லீஸை இனிமேல் நீட்டிக்க மாட்டோம்.' 32 டீம் உள்ள லீக்கில் ஒரு டீம் நடுத்தெருவில்.

வாங்க ப்ரோ, நம்ம கேம்பஸுக்கு!

அந்த நேரத்தில்தான் டெம்பியில் யூனிவர்சிட்டி தன் பசங்களுக்காக ஐஸ் அரங்கம் கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பசங்களின் கதையும் சுவாரஸ்யம். முதலில் அவர்கள் ஒரு கிளப் டீம். நம்ம காலேஜில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி. 2014-ல் நன்கொடையாளர்கள் சேர்ந்து 3.2 கோடி டாலர் கொடுக்க, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் டிவிஷனுக்கு உயர்ந்தார்கள். ஆனாலும் ஆடியது ஊருக்குள் இருந்த ஒரு பழைய, மிகச் சின்ன ரிங்க்கில்தான். புது அரங்கத்துக்கு அந்த நன்கொடைக் குடும்பத்தின் பெயரையே வைத்தார்கள். மல்லெட். மொத்தம் 5,000 இடம்.

அங்கேதான் என்.ஹெச்.எல். டீம் வந்து கதவைத் தட்டியது. 'புது அரங்கம் கட்டுற வரைக்கும் கொஞ்ச நாள் தங்கிக்கலாமா?' என்.ஹெச்.எல். மேட்ச்சுக்கு 4,600 சீட் என்று கணக்கு. லீக்கில் அதற்கு அடுத்த சின்ன அரங்கமே 15,000 பேருக்கு மேல் பிடிக்கும். மற்ற டீம் ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீம்ஸ் பறந்தன.

2022 அக்டோபர் 28, முதல் மேட்ச். எதிரணி யார் தெரியுமா? வின்னிபெக் ஜெட்ஸ்! போன டீம் போனதுதான், ஆனால் 2011-ல் அட்லாண்டாவில் இருந்து இன்னொரு டீம் வின்னிபெக்குக்குக் குடிவந்து, பழைய பெயரையே எடுத்துக்கொண்டது. அப்படி, பழைய வீட்டுக்காரங்களே கிரகப்பிரவேசத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் ஓவர்டைமில் 3-2 என்று ஜெயித்துவிட்டும் போனார்கள்.

அன்றைக்கு வந்த விருந்தாளி டீமுக்கு முறையான டிரெஸ்ஸிங் ரூம்கூட இல்லை. என்.ஹெச்.எல். தரத்தில் ரூம்கள் கொண்ட இணைப்புக் கட்டடத்தைக் கயோட்டீஸ் தன் செலவில் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருந்தது. வேலை முடியவில்லை. திரைச்சீலை தொங்கவிட்ட தற்காலிக இடத்தில் கோடீஸ்வர வீரர்கள் ஷூ லேஸ் கட்டினார்கள். கல்ச்சுரல்ஸ் அன்றைக்கு கெமிஸ்ட்ரி லேபில் மேக்கப் போட்டவங்களுக்கு அந்த ஃபீலிங் புரியும். கட்டட வேலை முடியட்டும் என்று டீமை ஊர் ஊராக அனுப்பினார்கள். வரிசையாக 14 மேட்ச் வெளியூரில்! முதல் 24 மேட்ச்சில் 20 வெளியூர். நவம்பர் ஆரம்பத்தில் கிளம்பினவர்கள் சொந்த ஐஸில் மறுபடி கால் வைத்தது டிசம்பரில்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சிரித்தவர்களை வாயடைக்க வைத்தது.

அரங்கத்துக்குள் வந்து உட்காருங்க. எங்கே உட்கார்ந்தாலும் ஐஸ் பக்கம்தான். பெரிய அரங்கத்தில் மேல் வரிசையில் இருந்து பார்த்தால் வீரர்கள் எறும்பு மாதிரி ஊர்வார்கள். இங்கே ஸ்கேட்ஸ் பிளேடு ஐஸைக் கீறுகிற சத்தம் 'சர்ர்ர்'ருன்னு காதில் விழும். ஒருத்தர் இன்னொருத்தரைச் சுவரோடு சேர்த்து மோதினால், அந்த அதிர்ச்சி உங்க சீட் வரைக்கும் வரும். ஒரு கோலுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறுகிற ஸ்டூடன்ட்ஸ் கேலரி. அவர்களுக்கு மலிவு டிக்கெட். (மற்றவர்களுக்கு சீட் கம்மி என்பதால் விலை எகிறிப் போனது தனிக் கதை.) அந்த கேலரியில் யாரும் உட்கார்வதில்லை. எதிரணி கோல் கீப்பரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டு வெறுப்பேற்றுவது அவர்கள் வேலை. பேட் கட்டி, ஹெல்மெட் மாட்டி நிற்கிற அந்த மனுஷருக்கு இது நிச்சயம் கேட்கும். 17,000 பேர் அரங்கத்தில் பாதி காலியாக இருக்கிற கூட்டத்தைவிட, நெருக்கியடிக்கிற 4,600 பேர் போடுகிற சத்தம் அதிகம்.

இப்போ அந்த 41-41 கணக்குக்கு வாங்க. 2022-23 சீஸனில் கயோட்டீஸ் மொத்தம் ஜெயித்தது 28 மேட்ச். அதில் இந்தக் காலேஜ் அரங்கத்தில் 21. வெளியூரில் வெறும் 7! அதே வீரர்கள், அதே கோச், அதே மட்டை. பிளே-ஆஃபுக்குப் போகவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கேம்பஸுக்கு வந்தால் பெரிய டீம்களுக்கும் கொஞ்சம் உதறியது. முந்தின வருஷம் மார்ச்சில் தொடை எலும்பு முறிந்து சீஸனையே இழந்த கிளேடன் கெல்லர், இந்த சீஸனில் 37 கோல், 49 அசிஸ்ட் என்று 86 பாயின்ட் குவித்தார். மூன்று வீடு மாறின டீமின் மிகச் சந்தோஷமான வீடு, மிகச் சின்ன வீடுதான்னு எனக்குத் தோணுது. லீக்கின் கணக்குப்பிள்ளைகளுக்கு அப்படித் தோணலை. 4,600 டிக்கெட்டை வைத்து என்.ஹெச்.எல். டீம் நடத்துகிற செலவைச் சமாளிக்க முடியாதே!

குப்பை மேட்டில் ஒரு கனவு

அதனால்தான் 'கொஞ்ச நாள்' என்ற பேச்சு. நிரந்தர வீட்டுக்கு இடம் பார்த்தார்கள். டெம்பியிலேயே, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், நகராட்சிக்குச் சொந்தமான 46 ஏக்கர். பழைய குப்பை மேடு. அதைச் சுத்தம் பண்ணி, 16,000 பேர் அரங்கம், ஹோட்டல், கடைகள், அபார்ட்மென்ட்டுகள்... மொத்தம் 210 கோடி டாலர் திட்டம். பெரும்பாலும் தனியார் பணம், நகராட்சி வரிச்சலுகை தர வேண்டும். முடிவு மக்கள் கையில். ஓட்டெடுப்பு!

2023 மே 16. மூன்று கேள்விகள் ஓட்டுக்கு விடப்பட்டன. மூன்றுக்குமே 'வேண்டாம்' ஜெயித்தது, சுமார் 56 சதவிகிதம். விமானச் சத்தத்துக்கு அடியில் வீடுகளா என்று ஏர்போர்ட் ஏற்கெனவே எதிர்ப்புக் காட்டியிருந்தது. பக்கத்து ஊர் கிளென்டேல் பட்ட பாட்டை டெம்பிக்காரர்கள் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிச்சலுகை, டிராஃபிக், வாடகை உயர்வு... ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். கேலரியில் நின்று தொண்டை கிழியக் கத்தின பசங்களில் பாதிப் பேர் செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போய்விட்டிருப்பார்கள். தப்பு யார் மேல என்று கேட்டால், ஓட்டுப் போட்டவர்கள் மேல் விரல் நீட்ட எனக்கு மனசு வரலை. டீமை நேசிக்கிறவன் வேறு, அதற்கு பில் கட்டுகிறவன் வேறு. சில நேரம் இரண்டும் ஒரே ஆள். அவன் பாடுதான் ரொம்பக் கஷ்டம்.

டோன் வீட்டுப் பையன்

அந்த ஓட்டுக்குப் பிறகு ஒரு சீஸன் ஓடியது, 2023-24. அதே கேம்பஸ், அதே சின்ன வீடு, ஆனால் எல்லார் மனசிலும் ஒரு கேள்விக்குறி.

அந்த சீஸனில் ஒரு ராத்திரியை மட்டும் சொல்லியே ஆகணும். 2024 மார்ச் 26. எதிரணி கொலம்பஸ். கயோட்டீஸில் ஒரு புதுப் பையன் அறிமுகம். பெயர் ஜாஷ் டோன். ஆமாம், பழைய கேப்டன் ஷேன் டோனின் மகனேதான்! அப்பா ஆடுவதைப் பார்த்து அரிசோனாவில் வளர்ந்தவர். இதே யூனிவர்சிட்டியில் படித்து, சன் டெவில்ஸுக்காக இதே மல்லெட் அரீனாவில் ஆடியவர். ஸ்டூடன்ட்டாக ஆடிய அதே ஐஸில், அப்பா கேப்டனாக இருந்த டீமுக்காக, முதல் என்.ஹெச்.எல். மேட்ச். இரண்டு கோல் போட்டார்! டீம் 6-2 என்று ஜெயித்தது. முந்தின வருஷம் வரை கேம்பஸில் பார்த்த பையன், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என்.ஹெச்.எல். வீரர். வேறு எந்த ஊரில் இப்படி ஒரு ராத்திரி நடக்கும், சொல்லுங்க?

மூன்று வாரம்தான். ஏப்ரல் நடுவில் செய்தி கசிந்தது. டீமை விற்கிறார்கள். 120 கோடி டாலர். வாங்குபவர் ரயன் ஸ்மித், யூட்டா மாநிலத்துக்காரர். போகிற ஊர் சால்ட் லேக் சிட்டி.

2024 ஏப்ரல் 17, கடைசி மேட்ச். எட்மன்டன் ஆயிலர்ஸுக்கு எதிராக. 4,600 சீட்டும் நிரம்பியது. 5-2 என்று ஜெயித்தார்கள். மேட்ச் முடிந்தும் கூட்டம் நகரவில்லை. வீரர்களும் போகவில்லை. ஐஸிலேயே நின்று மட்டைகளையும் மற்றதையும் ரசிகர்களிடம் கொடுத்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கேலரியில் அழுதவர்களில் 1996-ல் அப்பா தோளில் உட்கார்ந்து முதல் மேட்ச் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். மறுநாளே, ஏப்ரல் 18-ல், லீக் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. இன்னொரு இடத்தில் நிலம் ஏலம் எடுத்து அரங்கம் கட்டலாம் என்று ஓனர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். அந்த ஏலத்தை 2024 ஜூனில் அரசே ரத்து செய்ய, கயோட்டீஸ் என்கிற பெயரும் தூங்கப் போய்விட்டது.

யூட்டாவில் அந்த வீரர்கள் 2024 அக்டோபர் 8-ல் முதல் மேட்ச் ஆடினார்கள். அரங்கத்தின் பெயர் டெல்டா சென்டர். அது எதற்காகக் கட்டியது தெரியுமா? பாஸ்கெட்பாலுக்கு! ஐஸ் தரையை விரித்தால் சுமார் 11,000 சீட்டில் இருந்துதான் முழுசாகத் தெரியும். மீதி ஆயிரக்கணக்கான சீட்டில் ஒரு பக்க கோல் கண்ணுக்கு மறைவு. 1996-ல் ஃபீனிக்ஸில் ஆரம்பித்த அதே வியாதி! சரிசெய்ய வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். டீமுக்கு 2025-ல் 'யூட்டா மேமத்' என்று பெயரும் வைத்தாயிற்று. ஜாஷ் டோன் அங்கேயும் நீடிக்கவில்லை. 2025 ஜூனில் பஃபலோ டீமுக்கு டிரேட் ஆனார்.

சரி, பாலைவனத்தில் 28 வருஷம் ஐஸ் வைத்ததில் மிச்சம் என்ன? ஓர் ஆளைக் காட்டுகிறேன். ஆஸ்டன் மேத்யூஸ். கைக்குழந்தையாக அரிசோனாவுக்கு வந்தவர். கயோட்டீஸ் மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனார்கள். பையனுக்குப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த குட்டி ரிங்க்கில், பக்கத்துக்கு மூன்று பேராக ஆடிப் பழகினார். 2016-ல் டொரொன்டோ டீம் லீக்கின் நம்பர் ஒன் இளம் வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் மேட்ச்சிலேயே நாலு கோல்! 2023-24 சீஸனில் மட்டும் 69 கோல். கள்ளிச்செடி ஊரில் இருந்து போய் கனடாக்காரர்களுக்கே ஹாக்கி ஆடிக் காட்டுகிறார். கயோட்டீஸ் வராமல் இருந்திருந்தால் அந்தப் பையன் பேஸ்பால் மட்டையைத்தான் தூக்கியிருப்பார்.

மல்லெட் அரீனா இப்பவும் இருக்கிறது. சன் டெவில்ஸ் பசங்க அதே ஐஸில் ஆடுகிறார்கள். அந்தச் சூலாயுதக் கூட்டம் அதே கோலுக்குப் பின்னால் நின்று கத்துகிறது. நீங்க எம்.எஸ். படிக்கவோ, சீனியரைப் பார்க்கவோ அந்தப் பக்கம் போனால், அக்டோபரில் இருந்து மார்ச்சுக்குள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பார்த்து வெச்சுக்கோங்க. லைட் ரயிலில் இறங்கி, ஸ்டேடியத்தைப் பார்த்து நடங்க. அரங்கத்தை ஒட்டி நிற்கிற அந்த இணைப்புக் கட்டடத்தையும் ஒரு பார்வை பாருங்க. கோடிக்கணக்கான டாலர் செலவில் கட்டி, இரண்டு சீஸன்கூட முழுசாகக் குடியிருக்காமல் காலி பண்ணின ரூம்கள் அதுக்குள்ளதான் இருக்கு.

வெளியில் டி-ஷர்ட் போதும். உள்ளே போறப்ப மட்டும் மறக்காம ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. மூணாவது பகுதியில் பல் தந்தியடிக்கும்!